எம்.பி.ஏ. சேர அரசா, தனியாரா? மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

என் அக்கா மகள் எம்.பி.ஏ. சேர்ந்த வருஷம் நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். முதலில் அட்வான்ஸ் கட்டினோம். அப்புறம் கல்லூரியைச் சுற்றிப் பார்த்தோம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டது அதற்கும் அப்புறம். கீழமாசி வீதியில் கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிடப் பெரிய வெட்கம் கிடையாது.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் தெருவிலும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கூட இருந்து செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் இடறும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்ன செய்ய வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் சறுக்குகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. ஜனவரிக்குள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள், டிகிரியின் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு. டி.சி. கடைசியில்தான் வரும், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

இதில் தாமதம் செய்வது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. மேசைகளைக் கடந்து தாசில்தார் கையெழுத்துக்குப் போக வேண்டும். மே, ஜூனில் ஊரே விண்ணப்பிக்கும். உதவித்தொகை, வங்கிக் கடன் வட்டிச் சலுகை இரண்டுக்கும் இந்த ஒரு தாள்தான் சாவி. ரொம்ப முன்கூட்டி வாங்கினால் சேர்க்கை நேரத்தில் காலாவதி ஆகியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், வங்கியில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் கடன் மனு மூன்று வாரம் நின்றது இதனால்தான். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்றபடி திருத்துவது சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு.

2. "அரசு", "தனியார்" என்ற இரண்டு பெட்டியை ஐந்தாகப் பிரியுங்கள்

வீட்டில் பேசும்போது அரசு, தனியார் என்று இரண்டாகத்தான் பேசுகிறோம். உண்மையில் ஒரு மதுரைப் பிள்ளைக்கு முன்னால் ஐந்து வகை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் வாசல் வேறு, கட்டணத்தை முடிவு செய்கிறவர் வேறு. அதனால் கணக்கும் வேறு.

முதலாவது, மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறை. தேனி சாலையில் பல்கலை நகரில் 1966 முதல் இயங்கும் மதுரை காமராஜர் பல்கலைக்கழகம், கீழக்குயில்குடியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம், கொஞ்சம் தள்ளிப் போனால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வகை. மாநில அரசின் 69 சதவீத இட ஒதுக்கீடு இங்கே நடக்கும்.

இரண்டாவது, அரசு கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கல்லூரியில், ஒரே வாசலுக்குள், எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவும் செல்ஃப் ஃபைனான்ஸ் (அரசு உதவி இல்லாத) பிரிவும் தனித்தனியாக இருக்கும். கல்லூரி பழையது, பேர்பெற்றது என்று உள்ளே போனால் நம் பிள்ளை சேரும் படிப்பு செல்ஃப் ஃபைனான்ஸாக இருக்கும். விண்ணப்பத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, தனியார் சுயநிதிக் கல்லூரி. இதில் அரசு ஒதுக்கீட்டு சீட்டும் உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டும் உண்டு. பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். பொறியியல் கல்லூரிகளுக்குள் நடக்கும் எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் மேலாண்மைப் பள்ளி மாதிரி தன்னாட்சி நிறுவனத்தில் பாடத்திட்டமும் தேர்வும் அவர்களுடையது, பட்டம் காமராஜர் பல்கலைக்கழகத்துடையது. "தனியாரில் படித்தால் சர்டிபிகேட் செல்லுமா" என்று கேட்கும் தாத்தாக்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

நான்காவது, தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது டீம்டு யுனிவர்சிட்டி. கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் இந்த வகை. சேர்க்கை, கட்டணம், தேர்வு, பட்டம் எல்லாம் அவர்கள் கையில். மாநில அரசின் கவுன்சலிங்கில் இவற்றின் பெயர் வராது.

ஐந்தாவதை எல்லோரும் தவற விடுகிறார்கள். நிகர்நிலை என்றாலே தனியார் என்று நினைப்பதால் வரும் தவறு அது. சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராம கிராமிய நிறுவனமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்தான், ஆனால் நடத்துவது மத்திய அரசின் பணம். மதுரையிலிருந்து திண்டுக்கல் பஸ் ஏறினால் வழியிலேயே இருக்கிறது. இதற்கு விண்ணப்பம் தனி, கெடுவும் தனி என்பதால் அந்தத் தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து பத்தி போட்டு, நீங்கள் யோசிக்கும் பெயர்களை அந்தந்தப் பத்தியில் எழுதுங்கள். ஒரு பெயரை எதில் எழுதுவது என்று தெரியவில்லை என்றால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் போதுமான அளவு தெரியவில்லை.

3. அங்கீகாரம்: அரை மணி நேர வேலை

கல்லூரியில் நடக்கும் எம்.பி.ஏ.வுக்கு, தொழிற்கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி வேண்டும். அவர்களின் இணையதளத்தில் கல்லூரிப் பெயர், படிப்பு, அந்த வருஷத்துக்கு எத்தனை இடம் என்று பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறை என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தபாலில் படிக்கும் எம்.பி.ஏ. அல்லது ஆன்லைன் எம்.பி.ஏ. என்றால், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, யு.ஜி.சி.யின் தொலைநிலைப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அதன் எல்லாத் தபால் படிப்பும் தானாகச் செல்லாது.

"தன்னாட்சி", "இன்டர்நேஷனல்", "டூயல் டிகிரி" என்று பேனரில் என்ன எழுதியிருந்தாலும், பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் ஒரு வாக்கியத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

4. பேச்சுவார்த்தைக்கு முன் தேர்வு

எம்.பி.ஏ.வுக்கான மாநில நுழைவுத் தேர்வான டான்செட் எழுதாமல் எந்தத் தனியார் கல்லூரி வாசலையும் மிதிக்காதீர்கள். காரணம் எளிது. மதிப்பெண் கையில் இருந்தால் அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு வழி இருக்கிறது. அந்த சீட்டுக்கு அரசின் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம். மதிப்பெண் இல்லாதவருக்கு அவர்கள் சொன்னதுதான் விலை.

டான்செட்டை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. எம்.பி.ஏ. தாளில் 100 கேள்வி, 2 மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும். தொழில் சூழ்நிலை ஒன்றைக் கொடுத்து அதை அலசச் சொல்வது, பத்தி வாசித்து விடை தருவது, கணக்கு, தரவு போதுமா என்று பார்ப்பது, ஆங்கிலப் பயன்பாடு என்று ஐந்து பகுதி. நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்குக்கு பயந்து அதிலேயே மூன்று மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவது வாசிப்புப் பத்தியில்தான். தினம் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தால் காசும் மிச்சம், செல்போனும் கொஞ்சம் அடங்கும்.

டிகிரியில் 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் வேண்டும். அரியர் இருக்கிற பிள்ளையை முதலில் அரியரை முடிக்கச் சொல்லுங்கள்.

வழக்கமான தவறு: டான்செட் எழுதிவிட்டால் எல்லா இடமும் ஒரே கவுன்சலிங்கில் வந்துவிடும் என்று நினைப்பது. வராது. பல்கலைக்கழகத் துறைகள் சில தனி விண்ணப்பம் கேட்கும், அதற்கு வேறு கெடு. பிள்ளை கணக்கில் கெட்டி என்றால் நவம்பர் கடைசி ஞாயிறு நடக்கும், ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) தேர்வையும் எழுதட்டும். திருச்சியிலேயே ஐ.ஐ.எம். இருக்கிறது. அது கிடைக்காவிட்டாலும் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அந்த மதிப்பெண் செல்லும்.

5. மொத்தக் கணக்கு: இந்த ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். கீழே வரும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கு நான் போட்டவை. உங்கள் தொகைகளை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

உசிலம்பட்டிப் பையன் ஒருவன் என்று வைப்போம். முதல் வழி, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரக்கூடிய அரசு பல்கலைக்கழகத் துறை. வருஷக் கட்டணம் 45,000. தேர்வுக் கட்டணமும் புத்தகமும் 8,000. பஸ் 12,000. வெளிச் சாப்பாடு 15,000. ஆக வருஷம் 80,000, இரண்டு வருஷத்துக்கு 1,60,000. குடும்பம் நகையைத் தொடாமல் சமாளித்துவிடும்.

இரண்டாம் வழி, தனியார். வருஷக் கட்டணம் 2,40,000. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 90,000. இத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சிக் கட்டணம், தேர்வு, கோட், லேப்டாப், இன்டஸ்ட்ரியல் விசிட் என்று இன்னும் 30,000 இருக்கிறது. வருஷம் 3,60,000, மொத்தம் 7,20,000. வீட்டில் 1,20,000 இருக்கிறது, மீதி 6,00,000 கடன்.

இப்போது கடனைப் பாருங்கள். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3 லட்சமாக வங்கி தருகிறது. படிக்கும் 2 வருஷமும் அப்புறம் 1 வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடும். முதல் 3 லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி 94,500. இரண்டாவது 3 லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி 63,000. தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 6,00,000 இல்லை, 7,57,500. ஏழு வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 12,770 ரூபாய். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போனது 10 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல்.

அடுத்த வரிதான் முக்கியம். முதல் வழியில் படித்தவனுக்கு 18,000 சம்பளம், இரண்டாம் வழியில் படித்தவனுக்கு 27,000 சம்பளம் என்று வையுங்கள். வித்தியாசம் 9,000. தவணை 12,770. சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள 27,000 நன்றாக இருக்கும், மாதக் கடைசியில் 18,000 வாங்குகிறவன் கையில் 3,770 கூடுதலாக நிற்கும்.

இதே கணக்கு தனியாருக்குச் சாதகமாகவும் திரும்பும். டான்செட் மதிப்பெண்ணில் அரசு ஒதுக்கீட்டு சீட் கிடைத்து, வீட்டிலிருந்து போய் வர முடிந்தால் கடனே பாதிக்குக் கீழே வந்துவிடும். அப்போது நல்ல தனியார் கல்லூரிதான் என் தேர்வும். என் அக்கா மகளுக்கு அந்த வழி திறந்தே இருந்தது. நாங்கள் கணக்குப் போடாததால் அது கண்ணில் படவில்லை.

கடன் விதிகளில் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். 4 லட்சம் வரை குடும்பம் பங்கு போட வேண்டியதில்லை, அதற்கு மேல் 5 சதவீதம் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள நிறுவனத்தில் தொழிற்படிப்பு படிக்கிறவருக்குத் தவணை இல்லாத காலத்தின் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. "தகுதியுள்ள நிறுவனம்" என்ற இடத்தில், கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) அமைப்பின் தரச்சான்று வேலைக்கு வரும், அதனால் அதையும் பார்த்து வையுங்கள். மனுவை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள். மேனேஜர் வாய்வார்த்தையாக "பார்க்கலாம்" என்பதை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம். முக்கியமாக மேனேஜ்மென்ட் கோட்டா சீட் என்றால், கடன் கிடைக்குமா என்று கிளையில் எழுதி வாங்கிவிட்டுப் போங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது கிடைக்காது. "சீட் எப்படியும் கிடைக்கும், பிறகு ஸ்காலர்ஷிப் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார்.

6. பிளேஸ்மென்ட் தாளை வாசிப்பது எப்படி

பேனரில் இருக்கும் பெரிய எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அது ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். கேட்க வேண்டியது நடுச் சம்பளம், அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது. சராசரி கேட்டால் அந்த ஒரு பெரிய எண் அதையும் தூக்கிவிடும்.

இதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று மூன்று வருஷக் கணக்கைக் கொடுத்திருக்கும். அது அவர்கள் இணையதளத்திலேயே ஒரு பிடிஎஃப் ஆகக் கிடக்கும். ரேங்க் வராத நிறுவனத்துக்கும் இந்தத் தாள் இருக்கலாம். அரசு பல்கலைக்கழகத்துக்கும் தனியாருக்கும் ஒரே படிவம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் முழுமைக்கும் சேர்த்த எண்ணா, மேலாண்மைத் துறைக்கு மட்டுமா என்பதை மட்டும் கவனியுங்கள்.

"350 ஆஃபர்" என்றால் 350 பிள்ளைகள் இல்லை. ஒரே பிள்ளைக்கு மூன்று ஆஃபர் வந்திருக்கும்.

அடுத்தது சி.டி.சி., அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. வருஷம் 5 லட்சம் என்று ஒரு ஆஃபர் லெட்டர் வருகிறது. பிரித்துப் பார்த்தால் நிரந்தரச் சம்பளம் 3.2 லட்சம், விற்பனை இலக்கை அடைந்தால் 1.2 லட்சம், இன்சூரன்ஸ், கிராஜுவிட்டி என்று மீதி 60,000. நிரந்தரச் சம்பளம் மாதம் சுமார் 26,670, பி.எஃப். பிடித்த பிறகு கைக்கு வருவது அதற்கும் கீழே. இதைக் கொண்டு போய் ஐந்தாம் பகுதிக் கணக்கில் வையுங்கள். 5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து சுமார் 41,670 என்று வைத்தால் எல்லாமே தப்பாகிவிடும்.

7. நேரில் போவது: கல்லூரியே கூப்பிடும் ஓப்பன் டே நாளில் வேண்டாம்

ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமை போங்கள். காரில் போகாமல், பிள்ளை தினம் எந்த பஸ்ஸில் போகுமோ அதில் பிள்ளையோடு போங்கள். பெரியாரிலிருந்தோ மாட்டுத்தாவணியிலிருந்தோ கிளம்பி, இரண்டு பஸ் மாறி, ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் அந்தப் பயணத்தைச் செய்யப் போவது நீங்கள் இல்லை.

உள்ளே போனதும் கட்டடத்தைக் காட்டுவார்கள். ஏசி செமினார் ஹாலைப் பார்த்து மயங்க வேண்டாம். அறிவிப்புப் பலகையில் டைம்டேபிள் ஒட்டியிருக்கும். அதில் எத்தனை ஆசிரியர் பெயர், ஒரே பெயர் எத்தனை பாடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். அரசு துறையில் நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமல் கிடந்தால், பெயர் எவ்வளவு பெரியதானாலும் வகுப்பு நடக்காது. தனியாரில் கேட்க வேண்டியது வேறு: போன வருஷம் பாடம் எடுத்தவர்களில் இந்த வருஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அப்புறம் வாசலுக்கு எதிரில் டீக்கடை. நான் ஒரு இடத்தில் அப்படி உட்கார்ந்திருந்தேன். முழுக்கைச் சட்டை, டை கட்டிய நான்கு பையன்கள், ஆளுக்கு ஒரு பருப்பு வடையோடு நின்றார்கள். "தம்பி, ஃபைனல் இயரா? கம்பெனி எல்லாம் வருதா?" என்றேன். ஒருவன் டையைத் தளர்த்திக்கொண்டே, "வருது அண்ணே. போன வாரம்கூட ரெண்டு வந்துச்சு. எல்லாம் சேல்ஸ்தான். டூ வீலர் இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க" என்றான். பக்கத்தில் இருந்தவன், "லைசென்ஸ் இல்லாததால என்னை அனுப்பிட்டாங்க" என்று சிரித்தான். அரை மணி நேரம் உள்ளே கேட்ட விளக்கத்தில் இது எதுவும் இல்லை.

விற்பனை வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. மாசி வீதிகளில் பாதிப் பேர் அதில்தான் ஆளானார்கள். ஆனால் பிள்ளை ஹெச்.ஆர். படிக்கப் போகிறது, ஃபைனான்ஸ் படிக்கப் போகிறது என்றால், அந்தப் பிரிவில் படித்தவர்களுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

அரசு துறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கையைப் பிடித்துக் கம்பெனி வாசலில் விடும் ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார். இன்டர்ன்ஷிப்பைப் பிள்ளைதான் தேட வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டை, வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் இருக்கும் எல்காட் ஐ.டி. வளாகங்கள், டி.வி.எஸ். குழும நிறுவனங்கள், மதுரைச் சிறுதொழில் சங்கமான மடீட்சியாவின் உறுப்பினர் தொழிற்சாலைகள் என்று நம் ஊரிலேயே கதவுகள் உண்டு. தட்டுகிற சுபாவம் உள்ள பிள்ளைக்கு அரசு துறை லாபம். நான்கு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற பிள்ளை என்றால், பயிற்சியைக் கட்டாயமாக நடத்தும் தனியார் கல்லூரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் இல்லை. பெற்றோர் இதை மட்டும் உள்ளபடி ஒத்துக்கொள்வதில்லை.

8. அட்வான்ஸ் மேசையில்

இங்கேதான் நாங்கள் விழுந்தோம். ஒரு தனியார் நிறுவனத்தின் சேர்க்கை அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்தக் கோர்ஸ்ல மூணு சீட்தான் சார் இருக்கு. இன்னைக்கு 25,000 கட்டினா பிளாக் பண்ணிடலாம்." அக்கா என் முழங்கையை இடித்தாள். "தம்பி, கட்டிடுவோம்டா, போயிடப் போவுது." மகள் மட்டும், "மாமா, டான்செட் ரிசல்ட் வந்துடட்டுமே" என்று மெல்லச் சொன்னாள். அவள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளையும் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வாரம் கழித்து அதே கோர்ஸுக்குப் பேப்பரில் விளம்பரம் வந்தது.

தெரிந்திருந்தால் அன்றைக்கு இரண்டு விஷயத்தை மேசையிலேயே சொல்லியிருப்பேன். ஒன்று, ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். ஒரிஜினல் போய்விட்டால் கவுன்சலிங்குக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டும். சுய கையொப்பமிட்ட நகலை மட்டும் கொடுங்கள்.

இரண்டு, பணம் திரும்பும் விதி. அதே அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுக் கட்டணமும், 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதமும், கடைசித் தேதி கழிந்து 15 நாளுக்குள் 80 சதவீதமும், 30 நாளுக்குள் 50 சதவீதமும் திரும்ப வேண்டும். அதன் பிறகு ஒன்றும் கிடையாது. சில வருஷங்களில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தனிச் சுற்றறிக்கை விடும், அந்த வருஷத்தினுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "உங்கள் சேர்க்கையின் கடைசித் தேதி எது, எங்கே போட்டிருக்கிறது?"

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "கல்விக் கட்டணம்" என்றிருந்தால் மேலே சொன்ன விதி பேசும். "பதிவுக் கட்டணம்", "நன்கொடை" என்றிருந்தால் வாக்குவாதம்தான். ரசீது இல்லாமல் பணமாகக் கேட்டால் அந்த இடம் வேண்டாம். விலகுவதாக இருந்தால் மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னதற்குத் தேதி கிடையாது.

9. கவுன்சலிங் பட்டியல்

விருப்ப வரிசையைப் போடும்போது, கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடாதீர்கள். வேண்டும் என்று நினைப்பதை முதலில் போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கு எந்த நஷ்டமும் இல்லை. ஐந்தாம் பகுதிக் கணக்கில் தவணை கட்ட முடியாது என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். கிடைத்துவிட்டால் மனசு கேட்காது.

10. பன்னிரண்டு முடித்து பி.பி.ஏ., பி.காம். யோசிப்பவர்களுக்கு

இங்கே என் கருத்து கொஞ்சம் கட்டையானது. மூன்று வருஷ டிகிரிக்குக் கடன் வாங்க வேண்டாம். மதுரையில் அரசு கல்லூரியிலோ எய்டட் பிரிவிலோ பி.காம். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை எம்.பி.ஏ.வுக்கோ சி.ஏ.வுக்கோ வையுங்கள். பி.காம்.முக்கு வாசல்கள் அதிகம்: வங்கித் தேர்வு, கணக்கு வேலை, சி.ஏ., சி.எம்.ஏ. பி.பி.ஏ. என்பது பெரும்பாலும் எம்.பி.ஏ.வின் சுருக்கப் பதிப்பு, இரண்டையும் படித்தால் பாதி திரும்ப வரும். குடும்பக் கடை, குடும்பத் தொழில் இருக்கிற பிள்ளைக்கு பி.பி.ஏ. பொருந்தும்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் பொதுவாக விண்ணப்பிக்கலாம். எய்டட் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே போடுங்கள். 2024-25 முதல் கல்லூரிகளில் நடக்கும் பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டது, அதனால் மூன்றாம் பகுதி இதற்கும் பொருந்தும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்துவிடுங்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். மாதம் ஆயிரத்தில் பஸ்ஸும் டீயும் போய்விடும்.

11. சேர்ந்த பிறகு இரண்டு வேலை

ஒவ்வொரு கட்டண ரசீதையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கி வையுங்கள், ஒன்று வங்கிக்கு, ஒன்று பஸ் பாஸுக்கு.

கடன் எடுத்தவர்களுக்கு இரண்டாம் வருஷத் தொகை தானாக வராது. முதல் வருஷ மார்க் ஷீட், இரண்டாம் வருஷக் கட்டண விவரம், போனஃபைட் மூன்றையும் கிளையில் கொடுக்க வேண்டும். ரிசல்ட் தாமதமாகும் என்று தெரிந்தால் மே மாதமே கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அக்கா மகளுக்கு நாங்கள் ஆகஸ்டில் போய் நின்றோம். தாமதக் கட்டணம் 3,000.